சஸ்டெய்னபிள் டிசைன் சொல்லித் தர ஒரு ரிப்பேர் மிக்ஸியும் ஒரு படி இட்லி மாவும் போதும்

இந்த செமஸ்டர் சஸ்டெய்னபிள் டிசைன்னோ ஈகோ டிசைன்னோ, அதாவது சுற்றுச்சூழலுக்குச் சுமை கூடாம பொருளையும் சர்வீஸையும் வடிவமைக்கிறதுக்கு, ஒரு எலெக்டிவ் நடத்துற வேலை உங்க கைக்கு வந்திருந்தா, முதல் கிளாஸ்ல ஐநாவோட ப்ரண்ட்லாண்ட் கமிஷன் 1987ல நிலைத்த வளர்ச்சிக்குக் குடுத்த டெஃபனிஷன், அப்புறம் பொருளாதாரம் சமூகம் சுற்றுச்சூழல்னு மூணு வட்டம் ஒண்ணு மேல ஒண்ணு விழுற படம்னு ஆரம்பிக்காதீங்க. பசங்க அதை எங்கயோ ஏற்கனவே படிச்சிருப்பாங்க, ரெண்டு மார்க்குக்கு எழுதவும் தெரியும், ஆனா அதை வச்சு ஒரு ஸ்க்ரூவோட சைஸைக் கூட முடிவு பண்ண முடியாது. இன்ஜினியரிங் படிக்கிறவங்களுக்குக் கையில ஒரு பொருள் வேணும், அதை எடை போடணும், கணக்கு பண்ணணும், அந்தக் கணக்கு அவங்க முதல்ல நினைச்சதைப் புரட்டிப் போடணும். அது நடந்துட்டா மீதி செமஸ்டர் அவங்களே இழுத்துட்டுப் போவாங்க.

மெக்கானிக்கல், ட்ரிபிள் இ (எலக்ட்ரிக்கல்), ப்ரொடக்ஷன் பசங்களை மனசுல வச்சு எழுதுறேன். சிவில், ஐடி பசங்க கலந்து உக்காந்தாலும் நல்லதுதான், சர்வீஸ் பக்கம் வரும்போது அவங்க ரொம்ப உதவுவாங்க.

முதல் நாலு வாரம்: கழட்டுங்க

ஓடாத மிக்ஸி எல்லா வீட்டுப் பரண்லயும் ஒண்ணு இருக்கும். 2011க்கு அப்புறம் கவர்மென்ட் குடுத்த விலையில்லா மிக்ஸி கிரைண்டர் ஃபேன்ல எத்தனையோ இன்னும் ஏதோ ஒரு மூலையில கிடக்கு. ஒரு டீமுக்கு நாலஞ்சு பேர், ஒரு டீமுக்கு ஒரு மிக்ஸி, வீட்ல இல்லைன்னா காயலான் கடையில எடைக்கு வாங்கிக்கலாம், அந்த விலையைக் குறிச்சு வைக்கச் சொல்லுங்க, பின்னாடி வேலைக்கு ஆகும். மைக்ரோவேவ் அவனையும் பழைய ட்யூப் டிவியையும் மட்டும் கிளாஸுக்குள்ள விடவே கூடாது, ப்ளக்கைப் பிடுங்கின அப்புறமும் உள்ள இருக்குற சார்ஜ் ஆளைத் தூக்கிப் போட்டுடும். மிக்ஸில அந்தப் பயம் இல்லை, வயரை வெட்டிட்டுக் குடுத்துடுங்க.

டூல் பெருசா ஒண்ணும் வேணாம். ஸ்க்ரூ டிரைவர் செட், ஒரு கிராம் வரைக்கும் காட்டுற கிச்சன் தராசு, ஒரு காந்தம், போன் கேமரா. ஒரு ஷீட்ல ஒவ்வொரு பார்ட்டுக்கும் என்ன மெட்டீரியல், எத்தனை கிராம், எப்படி ஜாயின் பண்ணிருக்கு, கழட்ட எத்தனை நிமிஷம் ஆச்சு, அந்த பார்ட் நம்ம ஊர் கடையில தனியா கிடைக்குமா, இவ்வளவு கட்டம் போதும். பாடிக்கு உள்பக்கம் ஏபிஎஸ்னு, அதாவது பிளாஸ்டிக் வகையோட பேர், அச்சு இருக்கானு தேடச் சொல்லுங்க. காயில்ல எனாமலை லேசா சுரண்டிப் பாத்தா காப்பரா அலுமினியமானு நிறத்துலயே தெரிஞ்சுடும். ஜார்ல காந்தம் ஒட்டலைன்னா அது அலுமினியம்னு எழுதிட்டு வருவாங்க, பல ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கிரேடுல காந்தம் ஒட்டாதுங்கிறதை அங்கேயே சொல்லிக் குடுங்க, மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்ல படிச்ச ஆஸ்டெனைட், அந்தக் காந்தம் ஒட்டாத ஸ்டீல் அமைப்பு, அப்பதான் அவங்களுக்கு ஞாபகம் வரும்.

இதுல உண்மையான பாடம் இருக்குற இடம், இந்த மிக்ஸி எதனால செத்துச்சுங்கிற கேள்வி. ஒவ்வொரு டீமும் காரணத்தைக் கண்டுபிடிச்சு, அதைக் காட்டி நிரூபிக்கணும். பெரும்பாலும் நாலஞ்சு காரணத்துல ஒண்ணா இருக்கும்: கார்பன் பிரஷ் தேஞ்சு போயிருக்கும், கப்ளர் பல்லு போயிருக்கும், ஜாருக்கு அடியில புஷ் தேஞ்சு தண்ணி கசிஞ்சு மோட்டாருக்குள்ள இறங்கியிருக்கும், இல்ல ஓவர்லோடுல காயில் எரிஞ்சிருக்கும். இப்போ கப்ளரை எடுத்துக் கையில வச்சுப் பேசுங்க. அது ரப்பர் இல்ல நைலான்ல செஞ்ச சின்னப் பொருள், ஜாம் ஆனா அது பிச்சுக்கிட்டு மோட்டாரைக் காப்பாத்தும், மாத்துறதும் சுலபம், எல்லா ஊர்லயும் கிடைக்குது. முதல்ல உடையுறது எதுன்னு டிசைனர் முன்னாடியே முடிவு பண்ணி, அதையே விலை கம்மியாவும் கைக்கு எட்டுற மாதிரியும் வச்சிருக்கார், இது ரொம்ப நல்ல டிசைன். அதே மிக்ஸில பிளேடு அசெம்பிளியை ஜாரோட சேத்து ரிவெட் அடிச்சிருந்தா, ஒரு சின்ன புஷ்ஷுக்காக ஜாரையே தூக்கிப் போடணும். ஒரே பொருள்ல நல்ல முடிவும் மோசமான முடிவும் பக்கத்துல பக்கத்துல இருக்குறதை பசங்க தொட்டுப் பாத்துட்டாங்கன்னா, டிசைன் ஃபார் டிஸ்அசெம்பிளிங்கிற, அதாவது சுலபமா கழட்டுற மாதிரி டிசைன் பண்றதுங்கிற சாப்டரை நீங்க நடத்தவே வேணாம்.

ரிப்பேர் கடைக்கு அனுப்புங்க

அடுத்த வாரம் ஒவ்வொரு டீமும் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடையில போய் ஒரு மதியம் உக்காரணும். காலேஜ்ல இருந்து ஒரு லெட்டர் குடுத்து அனுப்புங்க, கடைக்காரர் நேரத்துக்குக் கொஞ்சம் பணமும் குடுக்க ஏற்பாடு பண்ணுங்க, அவர் ரொம்ப வருஷமா சேத்து வச்ச ஃபெயிலியர் டேட்டாவை நமக்கு இனாமா கேக்கக் கூடாது. கேள்வியை பசங்களே தயார் பண்ணட்டும், ஆனா ரெண்டு கேள்வி கண்டிப்பா இருக்கணும். ஒண்ணு, எந்த ஸ்பேர் கிடைக்காம நீங்க திருப்பி அனுப்புறீங்கண்ணே. ரெண்டாவது, எத்தனை ரூபா சொன்னா கஸ்டமர் "விடுங்கண்ணே, புதுசே வாங்கிக்கிறேன்"னு கிளம்புறார். அந்த ரெண்டாவது பதில்ல இருக்குற ரூபாய்தான் ஒரு பொருளோட ஆயுசைத் தீர்மானிக்குது, எந்த மெட்டீரியல் டேபிள்லயும் அது கிடைக்காது. டெக்னிக்கலா சரி பண்ண முடியுற மிக்ஸி, கூலியும் ஸ்பேர் விலையும் சேந்து அந்த எல்லையைத் தாண்டினதால குப்பைக்குப் போகுது.

திரும்பி வந்ததும் சட்டம் பக்கம் ஒரு கிளாஸ் எடுங்க, ஒண்ணு போதும். பிரான்ஸ்ல 2021 ஜனவரி 1ல இருந்து ஸ்மார்ட்போன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் மாதிரி பொருளுக்கு 10க்கு இவ்வளவுன்னு ரிப்பேர் பண்ற வசதிக்கு மார்க் போட்டு கடையிலயே காட்டணும்னு ஆச்சு. மேனுவல் குடுக்குறாங்களா, கழட்ட சுலபமா, ஸ்பேர் கிடைக்குதா, ஸ்பேர் விலை என்ன, அந்தந்தப் பொருளுக்குன்னு தனி விஷயம் என்ன, இந்த அஞ்சு தலைப்புல மார்க். நம்ம நாட்டுல 2022 டிசம்பர்ல கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் டிபார்ட்மென்ட் ரைட் டு ரிப்பேர் போர்ட்டல் ஆரம்பிச்சாங்க, புது இ-வேஸ்ட் ரூல்ஸ் 2023 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைல இருக்கு. பசங்களை அந்த அஞ்சு தலைப்பை வச்சு அவங்க கழட்டின மிக்ஸிக்கு மார்க் போடச் சொல்லுங்க. ரெண்டு டீம் ஒரே மாடலுக்கு வேற வேற மார்க் போடும், அதை வச்சே ஒரு மணி நேரம் நல்ல சண்டை நடக்கும், நடக்கட்டும்.

கணக்கு: இட்லி மாவு

எல்சிஏவை, அதாவது ஒரு பொருள் பிறந்ததுல இருந்து குப்பைக்குப் போற வரைக்கும் போடுற கணக்கை, ஐஎஸ்ஓ 14040ங்கிற சர்வதேச ஸ்டாண்டர்ட்ல இருக்குற நாலு படியை போர்டுல எழுதி ஆரம்பிச்சா பாதி கிளாஸ் தூங்கிடும். இட்லி மாவுல ஆரம்பிங்க. கேள்வி இதுதான்: வீட்ல அரைக்கிறது நல்லதா, கடையில பாக்கெட் மாவு வாங்குறது நல்லதா?

முதல்ல பசங்க கைதூக்கட்டும், எத்தனை பேர் எந்தப் பக்கம்னு போர்டுல எழுதி வச்சிடுங்க. அப்புறம் கேளுங்க, எதை எதோட ஒப்பிடுறோம்? வீட்ல ஒரு தடவை அரைச்சா ரெண்டு, ரெண்டரை கிலோ மாவு வருது, பாக்கெட் ஒரு கிலோதான். அதனால ஒரு பாக்கெட்டையும் ஒரு தடவை அரைக்கிறதையும் பக்கத்துல வச்சா கணக்கே தப்பு. "நாலு பேர் வீட்டுக்கு ஒரு வருஷம் சாப்பிடுற இட்லி மாவு" மாதிரி ஒண்ணைத்தான் ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா வைக்கணும். ஃபங்ஷனல் யூனிட்ங்கிறது இதுதான்.

இப்போ நம்பர். 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர், மோட்டார் 150 வாட், உளுந்தும் அரிசியும் சேத்து முக்கால் மணி நேரம் ஓடுதுன்னு வைங்க. 0.11 யூனிட் கரண்ட். இந்தியா கிரிட்ல ஒரு யூனிட்டுக்கு சுமாரா 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு (இனிமே சுருக்கமா கார்பன்), சென்ட்ரல் எலக்ட்ரிசிட்டி அத்தாரிட்டி இதை வருஷா வருஷம் வெளியிடுறாங்க, அங்க இருந்தே எடுக்கச் சொல்லுங்க. ஆக ஒரு தடவை அரைக்க 80 கிராம். மறுபக்கம், ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்குற கடைக்கு பைக்ல போய் மாவு வாங்கிட்டு வந்தா ரெண்டு கிலோமீட்டர், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் குடுக்குற வண்டி, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ, கணக்கு போட்டா 100 கிராம். கிரைண்டர் முக்கால் மணி நேரம் ஓடினதை விட அந்த ஒரு பைக் ட்ரிப் அதிகம். இங்க கிளாஸ்ல ஒரு சலசலப்பு வரும், அதை அடக்காதீங்க. நடந்து போனா? நாலு பாக்கெட் சேத்து வாங்கினா? ஆபீஸ்ல இருந்து வர்ற வழியில வாங்கினா? கேள்வி எல்லாம் அவங்க கிட்ட இருந்தே வரும்.

அடுத்து கிரைண்டர் செய்யுறதுக்கான பங்கு. கல்லு, ஸ்டீல், மோட்டார் எல்லாத்துக்கும் சேத்து ஒரு பேச்சுக்கு 40 கிலோ கார்பன்னு வைங்க, வருஷத்துக்கு 100 தடவை அரைச்சு 10 வருஷம் ஓடினா தடவைக்கு 40 கிராம். ரெண்டே வருஷத்துல தூக்கிப் போட்டா 200 கிராம். போன மாசம் ரிப்பேர் கடையில கேட்டதுக்கு இப்போ ஒரு நம்பர் கிடைச்சிடுச்சு பாருங்க, ரெண்டையும் இந்த இடத்துல கட்டாயம் முடிச்சுப் போடுங்க.

இன்னும் ஒண்ணு பாக்கி. அரிசி. நெல் வயல்ல தேங்குற தண்ணியில இருந்து மீத்தேன் வரும், அதையும் சேத்து ஒரு கிலோ அரிசிக்கு 2 கிலோ கார்பன் கணக்குன்னு வச்சா அது ஒண்ணும் அதிகம் இல்ல. ஒரு தடவை அரைக்கிற மாவுல கிட்டத்தட்ட ஒரு கிலோ அரிசி போகுது. மாவு புளிச்சுப் போய் பத்துல ஒரு பங்கைக் கொட்டினா 200 கிராம் போச்சு. கரண்ட் 80, பைக் 100, கொட்டுற மாவு 200. மோட்டார் எஃபிஷியன்சியை ரெண்டு பர்சன்ட் கூட்டலாம்னு ஐடியாவோட உக்காந்திருந்த டீம் எல்லாம் இப்போ நோட்டை மூடிட்டு நிமிர்ந்து உக்காரும். டிசைன் ப்ரீஃபே மாறிப் போச்சு. புளிக்குறதை எப்படித் தள்ளிப் போடுறது, கம்மி அளவுல அரைக்க கிரைண்டர் எப்படி இருக்கணும், சின்ன அளவு பாக்கெட் போட்டா கவர் கூடுமே அதை என்ன பண்றது, இப்படி ப்ராஜெக்ட் தலைப்பு கொட்டும்.

கவர் பத்தி ஒரு எச்சரிக்கை. ஒரு மாவுக் கவர் சில கிராம்தான், கார்பன் கணக்குல அது ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும், அப்போ பிளாஸ்டிக் பரவால்லனு பசங்க முடிவு பண்ணிடுவாங்க. மழைக்கு அடைக்கிற கால்வாயும் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பை மேடும் கார்பன் நம்பர்ல வராதுன்னு அங்கேயே நிறுத்திச் சொல்லணும். ஒரே ஒரு அளவுகோலை வச்சு முடிவு எடுத்தா இப்படித்தான் கண்ணு மறைக்கும்.

ரிப்பேர்தான் எப்பவும் நல்லதுன்னு சொல்லிடாதீங்க

இதைச் சமன் பண்ண ஃபேன் கணக்கு ஒண்ணு குடுங்க. பழைய சீலிங் ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன், அதாவது எலக்ட்ரானிக் போர்டு வச்சு ஓடுற பிரஷ் இல்லாத மோட்டார் ஃபேன், 30 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வருஷத்துல 300 நாள் ஓடுற ஹால்ல 162 யூனிட் மிச்சம், அதாவது 113 கிலோ கார்பன். ஃபேன் மொத்தமே நாலு கிலோ சொச்சம், அதை முழுக்க அலுமினியம்னே வச்சு, கிலோவுக்கு 20 கிலோ கார்பன்னு கூட்டியே போட்டாலும் 80, 90 கிலோதான், ஒரு வருஷத்துக்குள்ள ஈடாயிடும். அதனால ஓடிட்டு இருக்குற பழைய ஃபேனையே கழட்டி மாத்தலாம். அதே ஃபேன் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடுற விருந்தாளி ரூம்ல வருஷத்துக்கு 9 கிலோ சொச்சம்தான் மிச்சம், அங்க பழசை காயில் கட்டி ஓட்டுறதுதான் சரி. பொருள் ஒண்ணு, பதில் ரெண்டு. 2023 ஜனவரில இருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம், அதனால டேட்டாவும் ஃபேன் பெட்டி மேலயே கிடைக்குது.

இங்கயும் ஒரு சிக்கல் இருக்கு, பசங்களே கண்டுபிடிக்கட்டும்: பிஎல்டிசி ஃபேன்ல போர்டு போச்சுன்னா காயில் கட்டுறவர் கிட்ட குடுத்து ஒண்ணும் ஆகாது. கரண்ட்ல மிச்சம் பண்ணினதை ரிப்பேர்ல இழக்காம இருக்க அந்த போர்டை எப்படி வைக்கணும்? எனக்குத் தெரிஞ்சு ட்ரிபிள் இ பசங்களுக்கு இதை விட நல்ல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்பு கம்மி.

ஓபன் எல்சிஏன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஆனா அதை செமஸ்டர் பாதிக்கு அப்புறம் திறங்க. அது வரைக்கும் எக்செல் இல்ல வெறும் பேப்பர். சீக்கிரம் சாஃப்ட்வேர் குடுத்தா ஐரோப்பா கரண்ட் கலவையில வந்த நம்பரை நம்ம ஊருக்கு அப்படியே போட்டு கலர் கிராஃபோட வந்து நிப்பாங்க. கரண்ட் அளவையும் பெயர்ப்பலகை வாட்ல இருந்து எடுக்காம, ப்ளக்ல மாட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கிக் குடுத்து அளக்கச் சொல்லுங்க.

சர்வீஸ் டிசைன்: ஆப் வேணாம்

பொருள் வரைக்கும் வந்த பசங்க சர்வீஸ்னு சொன்ன உடனே எல்லாரும் ஆப் பண்றோம்னு வருவாங்க. முதல் ரெண்டு வாரம் போனையே தொடக் கூடாதுன்னு சொல்லிடுங்க. பொருளை விக்காம அதோட பயனை விக்கிறதுக்கு ரோல்ஸ் ராய்ஸ் விமான இன்ஜினுக்கு ஓடுற மணிக்கணக்குல காசு வாங்கின கதை நல்ல உதாரணம்தான், 1962லயே பிரிஸ்டல் சிட்லிங்கிற கம்பெனி ஆரம்பிச்சது, பின்னாடி அந்தக் கம்பெனியை ரோல்ஸ் ராய்ஸ் வாங்கிடுச்சு. ஆனா பசங்க தெருவுலயே இது இருக்கு. கிரைண்டர் வாங்கி வாரன்ட்டியோட சர்வீஸ் எடுத்துக்கிறது ஒரு வகை, பொருள் நம்மது. கல்யாணத்துக்குப் பாத்திரம், சேர், பந்தல் வாடகைக்கு எடுக்குறது ரெண்டாவது வகை, பொருள் அவங்களது, உபயோகம் நம்மது. மாவு மில்லுல தூக்குல மிளகாயைக் குடுத்து தூளா வாங்கிட்டு வர்றது மூணாவது, நமக்கு மெஷினே தேவையில்ல, முடிவு மட்டும் போதும். வேளாண் பொறியியல் துறையோட இ-வாடகைல டிராக்டர் மணிக்கணக்குல எடுக்குறது ரெண்டாவதுல வரும்.

இந்த மூணுல பாத்திர வாடகைக் கடையை எடுத்துக் கொஞ்சம் ஆழமா போங்க. ஏன் அங்க அண்டா இவ்வளவு கனமா இருக்கு? வீட்டுக்கு விக்கிற கடையில மெலிசா இருந்தா விலை கம்மி, நல்லா விக்கும். வாடகைக் கடைக்காரருக்கு அது நசுங்கினா அவர் நஷ்டம், அதனால கனமானதாப் பாத்து வாங்குறார், நசுங்கினா தட்டி எடுக்குறார், ஓட்டை விழுந்தா பத்த வச்சு அடைக்கிறார், கடைசில எடைக்குப் போட்டு காசாக்குறார். பொருள் யார் கையில சொத்தா இருக்கோ அவங்களுக்குத்தான் அது நீடிச்சு உழைக்கணும்ங்கிற அக்கறை வரும். பிசினஸ் மாடல் மாறினா ஷீட் மெட்டல் கேஜே, அதாவது தகடோட தடிமனே, மாறுதுங்கிறதை மெக்கானிக்கல் பசங்க இங்க பிடிச்சுக்கிட்டாங்கன்னா போதும்.

திரும்பி வாங்குற சிஸ்டத்துக்கு நீலகிரி டாஸ்மாக் பாட்டிலை எடுங்க. காட்டுக்குள்ள வீசுற கண்ணாடி பாட்டில் யானை காலைக் கிழிக்குதுன்னு வழக்கு, மெட்ராஸ் ஹைகோர்ட் தலையிட்டு 2022ல அங்க ஆரம்பிச்சாங்க: பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிக்கிட்டு, காலி பாட்டிலைக் குடுத்தா திருப்பிக் குடுக்குறது. சில எச்ஓடி (துறைத் தலைவர்) தலைப்பைப் பாத்ததும் யோசிப்பாங்க, பொறுமையா விளக்கிச் சொன்னா ஒத்துக்குவாங்க. பெரிய சார்ட் பேப்பர்ல பாட்டில் போற வழி, காசு போற வழி ரெண்டையும் பசங்க வரையணும். காலி பாட்டிலைக் கடையில எங்க அடுக்குறது, எந்தக் கடையில வாங்கினதுன்னு எப்படித் தெரியும், ஸ்டிக்கர் யார் ஒட்டுறது? ஊழியர்கள் கிட்ட இருந்து வேலை கூடுதுன்னு எதிர்ப்பும் வந்துச்சு, அது நியாயமான எதிர்ப்பு, சர்வீஸ் டிசைன்ல அதுவும் ஒரு லோடு, பீம்ல வர்ற லோடு மாதிரி கணக்குல எடுக்கணும். பாட்டில் பொறுக்கிப் பிழைச்சவங்களுக்கு என்ன ஆச்சுன்னும் கண்டிப்பா கேளுங்க.

மார்க் போடுறது

அக்ரிடிடேஷனுக்கு, அதாவது காலேஜ் தரச் சான்றுக்கு, இந்தப் பாடம் எந்தக் குறிக்கோளுக்கு எவ்வளவு உதவுதுன்னு மேப்பிங் கேப்பாங்க, சஸ்டெய்னபிலிட்டி வர்ற குறிக்கோளுக்கு நேரா மூணு போட்டுட்டு நகர்ந்துடுங்க, நேரத்தை அதுல செலவழிக்க வேணாம். உண்மையா யோசிக்க வேண்டியது ப்ராஜெக்ட் மார்க். ஃபைனல் ப்ராடக்ட் பளபளன்னு இருக்கானு பாத்து மார்க் போட்டீங்கன்னா, பசங்க த்ரீ டி பிரின்டர்ல அரைக் கிலோ பிளாஸ்டிக்கை வீணாக்கி ஒரு மாடலோட வருவாங்க. நான் சொல்றது, மார்க்ல பெரிய பங்கு ஒரே ஒரு பக்கத்துக்கு: நாங்க முதல்ல எதை நினைச்சோம், எந்த நம்பர் அதை மாத்துச்சு, மாத்தின அப்புறம் என்ன முடிவு எடுத்தோம். இந்தப் பக்கத்தை காப்பி அடிக்க முடியாது, சாட்போட் கிட்ட வாங்கினாலும் வைவால ரெண்டே கேள்வில தெரிஞ்சுடும். வைவாவுக்கு அந்த ரிப்பேர் கடைக்காரர்ல ஒருத்தரைக் கூப்பிட்டு உங்க பக்கத்துல சேர் போட்டு உக்கார வைங்க. "இதை நான் எப்படித் தம்பி கழட்டுறது?"னு அவர் கேக்குற கேள்விக்கு பதில் சொல்ற டீம் நிஜமாவே வேலை செஞ்ச டீம்.

எண்ட் செமஸ்டர் பேப்பர் உங்க கையில இருந்தா, டெஃபனிஷன் கேள்வியை ரெண்டோட நிறுத்திட்டு பெரிய கேள்வி ஒண்ணு இப்படிக் கேளுங்க: "ஒரு ஹாஸ்டல்ல 200 பேர் இருக்காங்க. ஆளுக்கு ஒரு அயர்ன் பாக்ஸ் வாங்குறது, ஃப்ளோருக்கு ஒண்ணு பொதுவா வைக்கிறது, வெளிய இருக்குற இஸ்திரிக் கடைக்கு மாசக் கணக்கு குடுக்குறது, இந்த மூணையும் ஒப்பிட ஃபங்ஷனல் யூனிட் எழுதுங்க. எந்த மூணு நம்பர் இல்லாம உங்களால முடிவு எடுக்க முடியாது, அதை எங்க போய் எப்படி அளப்பீங்க?" விடைத்தாள்ல பதில் நம்பரை எதிர்பாக்காதீங்க. எதை அளக்கணும்னு சரியா எழுதினவங்களுக்கு முழு மார்க்கும் குடுத்துடுங்க.